முயற்சி, தோல்வி, வெற்றி: பழைய இலக்கியத்திடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நூல்களை நாலைந்து பேராகச் சேர்ந்து வாசித்துப் பேசுவது எங்கள் வழக்கம். எந்த நூலை எடுத்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி முயற்சி, தோல்வி என்ற இடத்துக்கே வந்து நிற்கிறது. வருகிறவர்களில் தேர்வில் தோற்றவர்கள் உண்டு, தொழிலில் அடி வாங்கியவர்கள் உண்டு, பத்து வருடமாக ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதை தெரியாதவர்களும் படிக்கலாம். தேவையான அளவுக்குக் கதையைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

முயற்சியைப் பற்றிப் படிக்க இன்றைக்கு எத்தனையோ தன்னம்பிக்கை நூல்கள் இருக்கின்றன. பழைய இலக்கியத்திடம் ஏன் போக வேண்டும்?

தன்னம்பிக்கை நூல்கள் பெரும்பாலும் ஜெயித்தவரிடமிருந்து தொடங்குகின்றன. முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்து எழுதும்போது பட்ட பாடெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். பாதி வழியில் நிற்கிறவனுக்கு அது படிக்கட்டா, பள்ளமா என்று தெரியாது. பழைய இலக்கியம் அந்தப் பாதி வழியில் நிற்கிறவனோடு நிற்கிறது. அவன் குழப்பத்துக்கும், தப்புக் கணக்குக்கும், அழுகைக்கும் பக்கம் பக்கமாக இடம் தருகிறது. தோற்றுப் போனவனையும் அதே அக்கறையோடு கடைசிவரை பார்க்கிறது.

இன்னொன்று, இந்த நூல்கள் பொய்யான வாக்குறுதி தருவதில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

வள்ளுவர் ஓரிடத்தில் ஊழைவிட வலியது எது என்று கேட்கிறார். இன்னோரிடத்தில் முயன்றால் ஊழையும் புறமுதுகிடச் செய்யலாம் என்கிறார். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும்தான். 'ஊழிற் பெருவலி யாவுள' என்று 380ஆம் குறளில் கேட்டவர், 620இல் 'ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்' என்கிறார். முரண்போலத் தெரிவது உண்மை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில், 620க்குச் சற்று முன்னால், 619 இருக்கிறது. அதை மெதுவாகப் படித்துப் பாருங்கள்:

தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்.

இதில் வெற்றி என்ற சொல்லே இல்லை, 'கூலி' என்றுதான் சொல்கிறார். உடம்பு வருந்திய அளவுக்கு உரிய கூலி கிடைக்கும். ஊழ் குறுக்கே நின்றாலும் அதைப் பிடித்துவைக்க முடியாது. இரண்டு வருடம் ஒரு தேர்வுக்குப் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் போகலாம். படித்த படிப்பு, உட்கார்ந்த பழக்கம், ஒரு கணக்கை விடாமல் போராடித் தீர்த்த தெம்பு, இவை நம்மிடமே தங்கிவிடுகின்றன. அதுதான் கூலி. பலன் நம் கையில் முழுவதும் இல்லை என்று தெரிந்தே உழைக்கச் சொல்கிறார் வள்ளுவர்.

இதோடு 618ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்று அது தொடங்குகிறது. பொறி என்ற சொல்லுக்கு விதி என்றும் உடலுறுப்பு என்றும் உரைகள் பொருள் சொல்கின்றன. எப்படிக் கொண்டாலும், வாய்க்காதது ஒருவனுக்குப் பழி ஆகாது. அறிய வேண்டியதை அறிந்து முயலாததே பழி. தோற்றுவிட்டு வந்து தலை குனிந்து உட்காரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் குறளைத்தான்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று, இனி வழியே இல்லை என்று தோன்றும்போது என்ன செய்வது?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. இதற்கு என் பதில் எப்போதும் சுந்தர காண்டம்தான். பக்தியோடு படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். நான் இங்கே சொல்வது தேடுகிறவனின் கதையாக.

வால்மீகியின் அனுமன் கடலைத் தாண்டி இலங்கைக்குள் இரவில் நுழைகிறான். கடலைத் தாண்டியது பெரிய சாதனை என்று நாம் நினைக்கிறோம். உண்மையான சோதனை அதற்கு அப்புறம்தான் வருகிறது. அவன் சீதையை அருகில் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வீடாக, மாடமாக, மது அருந்தும் மண்டபமாகத் தேடுகிறான். இராவணன் அரண்மனையில் மண்டோதரி தூங்குவதைப் பார்த்துவிட்டு, இவள்தான் சீதை என்று ஒரு கணம் நினைத்துவிடுகிறான். தோளைத் தட்டிக்கொள்கிறான், தன் வாலுக்கே முத்தம் கொடுக்கிறான், தூணில் ஏறுகிறான், இறங்குகிறான். அப்புறம்தான் யோசிக்கிறான்: இராமனைப் பிரிந்தவள் இப்படி அலங்கரித்துக்கொண்டு உறங்குவாளா? சந்தோஷம் அத்தனையும் வடிந்துபோகிறது. தப்பான இடத்தில் வெற்றியைக் கொண்டாடிவிட்டு அடங்கும் அந்தக் கணத்தை நம்மில் பலர் அனுபவித்திருப்போம்.

மறுபடி தேடுகிறான், கிடைக்கவில்லை, சோர்கிறான். அப்போது தனக்குத்தானே ஒன்று சொல்லிக்கொள்கிறான்: மனம் சலிக்காமல் இருப்பதே செல்வத்துக்கு வேர், அதுவே மேலான சுகம், இன்னும் தேடாத இடங்களைத் தேடுவேன். வடமொழியில் அந்தச் சொல் 'அநிர்வேதம்'. சலித்துப் போகாமை என்று வைத்துக்கொள்ளலாம். உற்சாகம் பொங்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை, சலிப்பு வராமல் இருந்தால் போதும் என்கிறான். இந்த அளவு குறைந்த கோரிக்கை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நாம் கதை சொன்னால் அடுத்த நிமிஷமே சீதை கிடைத்துவிடுவாள். வால்மீகி அப்படி விடவில்லை. அனுமன் திரும்பவும் தேடுகிறான், நான்கு விரற்கடை இடம்கூட மிச்சமில்லாமல் தேடுகிறான். அப்போதும் இல்லை. இந்த இரண்டாவது சோர்வு முதலாவதைவிட மோசம். காணவில்லை என்று போய்ச் சொன்னால் இராமன் உயிர் தரிப்பானா, அவன் போனால் இலக்குவன் இருப்பானா, பரதன் இருப்பானா என்று வரிசையாகச் சாவுகளை எண்ணுகிறான். திரும்பிப் போகவே வேண்டாம், இங்கேயே உயிரை விட்டுவிடலாமா என்றுகூட நினைக்கிறான். பிறகு, செத்தால் குற்றங்கள்தான் பல, உயிரோடு இருப்பவனே நல்லதை அடைவான் என்று தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறான். அதன் பிறகுதான் கண்ணில் படுகிறது, மரங்கள் அடர்ந்த ஒரு வனம். அசோகவனம். இன்னும் தேடாத இடம்!

நான்கு விரற்கடை விடாமல் தேடியவனுக்கு ஒரு வனமே விடுபட்டிருந்தது. ஏன்? இராவணன் தூக்கி வந்த பெண் அரண்மனைக்குள்தான் இருப்பாள் என்று அவன் அறியாமலே ஒரு முடிவோடு தேடிக்கொண்டிருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆகவே 'எல்லாம் செய்துவிட்டேன்' என்று வருகிறவர்களிடம் ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். செய்தவை ஒரு பக்கம். தொடவே தொடாதவை மறுபக்கம். இரண்டாவது பக்கம் வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் வேலைக்காக நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் அனுப்பியிருந்தார், தெரிந்தவர் ஒருவரிடம்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. அவருடைய அசோகவனம் அதுதான்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வருமானால் நூலைத் தேடாதீர்கள். அருகில் இருக்கும் மனிதரிடம், மருத்துவரிடம் அன்றைக்கே பேசுங்கள்.

ராப்பகலாக உழைத்தும் எல்லாம் வீணாகிவிட்டது. உழைப்பு போதவில்லையா?

இருக்கலாம். ஆனால் அதிக உழைப்பே வீணான கதை ஒன்று இருக்கிறது. டேனியல் டீஃபோ 1719இல் எழுதிய ராபின்சன் குரூசோ.

தனித் தீவில் மாட்டிக்கொண்ட குரூசோ, தப்பிக்கப் படகு ஒன்று செய்யப் பார்க்கிறான். பெரிய தேவதாரு மரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். அடிப்பாகத்தின் குறுக்களவே ஏறக்குறைய 6 அடி. வெட்டிச் சாய்க்க 20 நாள். கிளைகளைக் கழிக்க 14 நாள். படகு வடிவத்துக்குச் செதுக்க ஒரு மாதம். உள்ளே குடைய ஏறத்தாழ 3 மாதம், அதுவும் நெருப்பு வைக்காமல் சுத்தியலும் உளியும் கொண்டே. முடித்தபோது 26 பேர் ஏறக்கூடிய அழகான படகு.

தண்ணீர் 100 கஜ தூரத்தில் இருந்தது. படகை நகர்த்த முடியவில்லை.

நிலத்தைச் சரிவாக வெட்டிப் பார்த்தான், நகரவில்லை. தண்ணீரைப் படகிடம் கொண்டுவரக் கால்வாய் வெட்டலாமா என்று கணக்குப் போட்டான். ஒற்றை ஆளாக வெட்டினால் 10, 12 வருடம் ஆகும் என்று வந்தது. விட்டுவிட்டான்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. எப்படி நகர்த்துவது என்ற கேள்வி அவன் மனதில் முதலிலேயே வந்தது. வரும்போதெல்லாம், முதலில் படகைச் செய்து முடிப்போம், செய்தபின் ஏதாவது வழி பிறக்கும் என்று அதை அடக்கினான். உழைப்பின் மும்முரமே அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கும் வழியாகிவிட்டது. நானும் இப்படி உழைத்திருக்கிறேன். ஒரு பெரிய வேலையின் கடினமான கேள்வியைத் தொடாமல், எளிதான பகுதிகளை மாதக்கணக்கில் மெருகேற்றிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தவர்கள் கடுமையான உழைப்பாளி என்றார்கள்.

வள்ளுவர் இதற்கென்றே ஒரு குறள் வைத்திருக்கிறார். 'ஆற்றின் வருந்தா வருத்தம் பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்' (468). தக்க வழியில் படாத பாடு, பலர் கூடநின்று காத்தாலும் பழுதாகிப்போகும். குறளின் வரிசையைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். எண்ணிச் செய்வது, வலிமை அறிவது, காலம் அறிவது, இடம் அறிவது ஆகிய நான்கும் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களில் வந்துவிடுகின்றன. ஊக்கமும் முயற்சியும் 60ஆம் அதிகாரத்திலிருந்துதான் வருகின்றன.

குரூசோ கதை அங்கே முடியவில்லை. அந்தப் படகைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அடுத்த முறை புத்தியோடு இருக்க அது ஞாபகக் குறியாக இருக்கட்டும் என்கிறான். பிறகு சிறிய படகு ஒன்றைச் செய்தான். இந்த முறையும் தண்ணீர் தூரம்தான், கிட்டத்தட்ட அரை மைல். 6 அடி அகலம், 4 அடி ஆழத்தில் கால்வாய் வெட்டினான். ஏறக்குறைய 2 வருடம் பிடித்தது. படகு மிதந்தது. சலிப்பே இல்லாமல் வெட்டினேன் என்கிறான். முதல் தடவை போட்ட உழைப்பைவிட இது குறைந்ததில்லை. ஆனால் முடியக்கூடியதுதானா என்று கணக்குப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

(இந்தக் குரூசோ நல்லவன் என்று நான் சொல்லவில்லை. அடிமைகளை வாங்கிவரப் புறப்பட்ட பயணத்தில்தான் அவன் கப்பல் உடைகிறது. அந்த நூலைப் படிக்கும்போது அதையும் மறக்காமல் படிக்க வேண்டும்.)

விடாமுயற்சிக்கும் வெறும் பிடிவாதத்துக்கும் என்ன வித்தியாசம்? எப்போது விட்டுவிட வேண்டும்?

இதற்குக் கடலில் இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஒருவன் ஹெர்மன் மெல்வில் 1851இல் எழுதிய மோபி டிக் நாவலின் கப்பல் தலைவன் ஆகாப். தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கலத்தைக் கொல்லாமல் விடுவதில்லை என்று கடல் கடலாகத் துரத்துகிறான். உறுதி என்று பார்த்தால் அவனுக்கு இணை யாருமில்லை. ஆனால் வழியில் அவன் செய்கிற காரியங்களைப் பாருங்கள். கப்பல் எங்கே இருக்கிறது என்று சூரியனைக் கொண்டு அளக்கும் கருவியைக் கீழே போட்டு மிதிக்கிறான். ரேச்சல் என்ற கப்பலின் தலைவர் எதிர்ப்பட்டு, 12 வயதுப் பையன் ஒருவன், தன் சொந்த மகன், கடலில் காணாமல் போய்விட்டான், 48 மணி நேரம் சேர்ந்து தேடித் தாருங்கள் என்று கெஞ்சுகிறார். ஆகாப் மறுக்கிறான், நேரம் போகிறது என்கிறான். அளவுகோலை உடைப்பதும், அழுகிறவன் குரல் காதில் விழாமல் போவதும் நிகழ்ந்துவிட்டால், முயற்சி நம் கையை விட்டுப் போய்விட்டது என்று பொருள். முடிவில் கப்பலோடு எல்லாரும் மூழ்குகிறார்கள். கதையைச் சொல்லும் மாலுமி இஸ்மவேல் ஒருவன் மட்டும் பிழைக்கிறான். அவனைத் தூக்கிக் காப்பாற்றுவது, மகனைத் தேடி இன்னும் அலைந்துகொண்டிருந்த அதே ரேச்சல் கப்பல்.

இன்னொருவன் கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவிய நாயகன் ஒடிசியுஸ். டிராய் போரில் 10 வருடம், வீடு திரும்ப 10 வருடம். தீவு ஒன்றில் 7 வருடம் சிறைபோலக் கிடந்துவிட்டு, 20 மரம் வெட்டி, 4 நாளில் மிதவை கட்டிக்கொண்டு புறப்படுகிறான். 17 நாள் நல்ல பயணம், 18ஆம் நாள் கரை தெரிகிறது, அப்போது புயல் அடிக்கிறது. ஒரு கடல் தேவதை வந்து மிதவையை விட்டுவிட்டு நீந்து என்கிறாள். அவன் உடனே குதிக்கவும் இல்லை, மறுத்துவிடவும் இல்லை. கட்டைகள் பிணைப்பு விடாமல் இருக்கும்வரை இதிலேயே இருந்து பொறுத்துக்கொள்வேன், அலை இதை உடைத்துவிட்டால் நீந்துவேன் என்று முடிவு செய்கிறான். மிதவை உடைந்ததும் ஒரு கட்டையின் மேல் ஏறி, ஆடைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு நீந்துகிறான். இரண்டு பகல், இரண்டு இரவு.

ஒடிசியுஸுக்கு வீடு முக்கியம், மிதவை இல்லை. எது நடந்தால் மிதவையை விடுவது என்று, அது நடப்பதற்கு முன்பே தனக்குள் பேசி வைத்திருந்தான். ஆகாப்பிடம் அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. எதையாவது தொடர்வதா விடுவதா என்று திணறுபவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்: மனம் ஓரளவு அமைதியாக இருக்கிற ஒரு நாளில் 'எது நடந்தால் நிறுத்துவேன்' என்று எழுதி வையுங்கள். தேதியோ, தொகையோ, உடல்நிலையோ. புயலில் யோசிக்க முடியாது.

குறளிலும் எச்சரிக்கை உண்டு. வரப்போகிற ஆதாயத்தை நினைத்துக் கையிலிருக்கும் முதலையும் இழக்கும் காரியத்தில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்கிறது 463. 'நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்' என்கிறது 476. நுனிக்கிளை வரை ஏறியது திறமைதான். அதற்கு மேலும் ஏறப் பார்ப்பதில்தான் ஆபத்து.

சும்மா காத்திருப்பதும் முயற்சியில் சேருமா?

சேரும், கை வேலை செய்துகொண்டிருந்தால். ஒடிசியுஸின் மனைவி பெனலொப்பி, மாமனாருக்கு ஈமத்துணி நெய்து முடித்த பிறகே மறுமணம் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவில் பந்த வெளிச்சத்தில் பிரித்துப் போட்டாள். 3 வருடம் அப்படியே ஓட்டினாள். 4ஆம் வருடம் வேலைக்காரி ஒருத்தி காட்டிக்கொடுத்துவிட்டாள். தந்திரம் தோற்றது. ஆனால் 3 வருடம் கிடைத்தது. 'கொக்கொக்க கூம்பும் பருவத்து', அதாவது ஒடுங்கியிருக்க வேண்டிய காலத்தில் கொக்கைப்போல் காத்திரு என்று வள்ளுவர் சொல்வதும் இந்த விழிப்பைத்தான். கொக்கு நின்றபடி தூங்குவதில்லை.

முடியும் தறுவாயில் எல்லாம் கெட்டுப்போகிறது. ஏன்?

இதற்கும் ஒடிசியுஸிடம் ஒரு பாடம் உண்டு, இந்த முறை அவனுடைய தவறிலிருந்து. காற்றின் காவலன் அயோலஸ், பயணத்தைக் கெடுக்கும் காற்றுகளை எல்லாம் ஒரு தோல் பைக்குள் கட்டிக் கொடுத்தனுப்புகிறான். 9 நாள் இரவும் பகலுமாகப் போகிறார்கள். 10ஆம் நாள் சொந்த மண் தெரிகிறது. கரையில் ஆட்கள் நெருப்பு மூட்டிக்கொண்டிருப்பதுகூடக் கண்ணுக்குத் தெரியும் தூரம். அந்த நேரத்தில் ஒடிசியுஸ் தூங்கிவிடுகிறான். பைக்குள் பொன்னும் வெள்ளியும் இருக்கும் என்று நினைத்த தோழர்கள் அதை அவிழ்க்கிறார்கள். காற்று கிளம்பி, புறப்பட்ட இடத்துக்கே கப்பல்களை அடித்துக்கொண்டு போகிறது.

பேராசை பிடித்த தோழர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் 9 நாளும் பாய்க்கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே பிடித்திருந்ததாக ஒடிசியுஸே சொல்கிறான். பைக்குள் என்ன இருக்கிறது என்றும் தோழர்களுக்குச் சொல்லவில்லை. யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டவன், மிகவும் தேவையான நேரத்தில் தூங்கிப் போனான். கடைசிக் கட்டத்தில் கெடுகிற காரியங்களில் நான் அதிகம் பார்த்தது இந்தக் களைப்பைத்தான். உழைப்புக்குள் ஓய்வையும் ஒரு பங்காக வைக்கத் தெரிய வேண்டும். கயிற்றை மாற்றிக் கொடுக்கவும் தெரிய வேண்டும்.

தோற்றாலும் அது வெற்றிதான் என்பதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சுதானே?

பல நேரம் ஆறுதல் பேச்சுதான். தோல்வியைத் தோல்வி என்று சொல்லாமல் பூசி மெழுகுவது எனக்கும் பிடிக்காது. அதனால்தான் ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட, தமிழில் கடலும் கிழவனும் என்று வழங்கும் கதையை இதற்கு எடுத்துக்கொள்கிறேன்.

கிழவன் சாண்டியாகோவுக்கு 84 நாளாக ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. 85ஆம் நாள் மற்றவர்களைவிடத் தூரமாகப் போகிறான். அவன் தூண்டில் போடுகிற விதத்தை ஹெமிங்வே நிதானமாகக் காட்டுகிறார். ஒவ்வொரு கயிறும் குறித்த ஆழத்தில், நேராக. மற்றவர்கள் நீரோட்டத்தோடு போகட்டும் என்று விட்டுவிடுவார்கள், அவன் விடமாட்டான். அதிர்ஷ்டம் இருந்தால் நல்லதுதான், ஆனால் நான் சரியாகச் செய்வதையே விரும்புவேன், அதிர்ஷ்டம் வரும்போது தயாராக இருப்பேன் என்ற பொருளில் நினைத்துக்கொள்கிறான். ஊழுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக ஒரு மீனவன் சொல்ல முடியாது.

பெரிய மீன் சிக்குகிறது, 18 அடி. இடது கை மரத்துப்போகிறது, கயிறு உள்ளங்கையை அறுக்கிறது. மீனை வென்று படகோடு கட்டித் திரும்பும்போது சுறாக்கள் வருகின்றன. ஈட்டி போகிறது. துடுப்பில் கத்தியைக் கட்டிக் குத்துகிறான், அந்தக் கத்தியும் உடைகிறது. கட்டையால் அடிக்கிறான். கடைசியில் சுக்கானைத் தாங்கும் தடியைப் பிடுங்கி அடிக்கிறான். கொண்டுவராமல் விட்ட சாமான்களை நினைத்துப் புலம்பத் தொடங்கும்போது, இல்லாததை நினைக்க இது நேரமில்லை, இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார் என்று தன்னையே அதட்டுகிறான். கரைக்கு வந்து சேர்வது தலையும் எலும்பும் வாலும்தான்.

பள்ளி வயதில் படித்தபோது எனக்கு இது அழுகைக் கதையாகத்தான் தோன்றியது. பல வருடம் கழித்துத் திரும்பப் படித்தபோதுதான் கடைசிப் பக்கங்களில் ஓர் இடம் கண்ணில் பட்டது. மறுநாள் காலை, தன்னிடம் மீன்பிடிக்கக் கற்ற பையன் தன் கைகளைப் பார்த்து அழுதபோது, சுறாக்கள் என்னைத் தோற்கடித்துவிட்டன என்று கிழவன் ஒப்புக்கொள்கிறான். அடுத்த சில வரிகளிலேயே அடுத்த பயணத்துக்கு நல்ல ஈட்டி ஒன்று வேண்டும் என்ற பேச்சு வந்துவிடுகிறது. பழைய ஃபோர்டு காரின் ஸ்பிரிங் பட்டையை எடுத்து அதற்கு அலகு செய்யலாம் என்கிறான். தோல்வியைத் துளியும் மறைக்காமல், அதே படுக்கையில் கிடந்தபடி, எந்த இரும்பில் அலகு செய்வது என்று பேசுகிறார்கள்.

'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்ற 772ஆம் குறளை இங்கே எல்லாரும் சொல்வார்கள். முயலைக் கொன்ற அம்பைவிட, யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலே இனிது. சரிதான். ஆனால் வள்ளுவரும் அந்த வேலைத் 'தவறிய வேல்' என்றே சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். யானை விழுந்ததாக அவர் சொல்லவில்லை.

ஏகலைவன் எவ்வளவு முயன்றான்! கடைசியில் கட்டைவிரல்தானே போனது? முயற்சி செய்தால் முன்னேறலாம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. துரோணர் சேர்த்துக்கொள்ள மறுத்தபின், களிமண்ணில் அவர் உருவத்தைச் செய்து வைத்துத் தானாகவே வில் பழகியவன் ஏகலைவன். குரைத்த நாயின் வாயை 7 அம்புகளால் அடைக்கும் அளவு கை தேர்ந்தவன். அந்தத் தேர்ச்சியே அவனுக்கு எமனாக வந்தது. குருதட்சிணையாக வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டார்கள், கொடுத்தான். அதன் பிறகும் மற்ற விரல்களால் வில் இழுத்தான், ஆனால் பழைய வேகம் வரவில்லை என்று மகாபாரதம் மறைக்காமல் எழுதுகிறது.

இந்தக் கதையைக் குரு பக்திக்கு உதாரணமாகவோ, விடாமுயற்சிக்கு உதாரணமாகவோ மட்டும் சொல்லிவிட்டு நகர்வது எனக்குச் சம்மதமில்லை. முயன்றவனிடம் தவறில்லை, வாசலை அடைத்தவர்களிடம்தான் தவறு. முயற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் யார் யாருக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதையும் பேச வேண்டும். இல்லையென்றால் தோற்றவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று ஆகிவிடும்.

தனியாகத்தான் போராட வேண்டுமா?

அலெக்ஸாந்தர் தூமாவின் மாண்டி கிறிஸ்டோ பிரபு நாவலில் பாரியா என்ற கிழப் பாதிரியார் சிறையிலிருந்து தப்ப, கைக்குக் கிடைத்ததைக் கருவியாக்கி 50 அடி சுரங்கம் தோண்டுகிறார். கணக்கு பிசகி, கோட்டையின் வெளிச் சுவருக்குப் பதில் இன்னொரு கைதியின் அறைப் பக்கம் வந்து நிற்கிறார். வருடக்கணக்கான உழைப்பு மண்ணாகப் போயிற்று. ஆனால் அந்த அறையில் இருந்தவன் எட்மண் தாந்தே, பட்டினி கிடந்து சாக முடிவு செய்திருந்த இளைஞன். சுவருக்குள் யாரோ சுரண்டும் சத்தம் கேட்டுத்தான் அவன் மறுபடி சாப்பிடத் தொடங்கினான். அப்புறம் கணக்கும் மொழிகளும் வரலாறும் கிழவரிடமே கற்றான். பாரியா வெளியே போகவில்லை, சிறையிலேயே இறந்தார். தாந்தே போனான், 14 வருடச் சிறைக்குப் பிறகு. நம் முயற்சியின் சத்தம் யார் காதில் விழுகிறது என்று நமக்குத் தெரியாது.

எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையில் அப்படி இருந்தார்களா?

ஒரே மாதிரி இல்லை. மெல்வில் மோபி டிக் எழுதிய பிறகு அது பெரிதாக விற்கவில்லை. நியூயார்க் சுங்கத் துறையில் 19 வருடம் வேலை பார்த்தார். 1891இல் இறந்தார். அந்த நாவலை உலகம் கொண்டாடத் தொடங்கியது 1920களில்.

எழுதியவர்களைவிட, எழுதியதைக் காப்பாற்றியவர் ஒருவரைச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், தமிழ் படித்தவர் என்று தன்னைப் பார்க்க வந்த உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று நீளமான பட்டியல் சொன்னார். இதெல்லாம் படித்து என்ன பயன், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்றார் முதலியார். பெருமையோடு போனவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. சிந்தாமணி ஏட்டை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். சமண நூலாகையால் விளங்காத இடங்களைச் சமணர்களிடமே போய்க் கேட்டார். ஏடுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்து, 1887இல் அச்சில் கொண்டுவந்தார். பிறகு 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. நாம் இன்று உட்கார்ந்து பழைய இலக்கியம் பேசுவதற்கே அந்த மனிதரின் விடாப்பிடி ஒரு காரணம்.

தோல்வியில் துவண்டிருக்கும் பிள்ளைக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

அன்றைக்கே சொல்லாதீர்கள். முதலில் சாப்பிட வைத்துத் தூங்க வையுங்கள். அப்புறம் கதையாகச் சொல்லுங்கள், நீதியைப் பிடித்து இழுத்து வெளியே போடாதீர்கள். அனுமன் வாலுக்கு முத்தம் கொடுத்துவிட்டு ஏமாந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் சிரித்துவிடும். 'இடுக்கண் வருங்கால் நகுக' என்று உபதேசம் செய்வதைவிட அந்தச் சிரிப்பு மேல்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

குறளில் 60 முதல் 63 வரை நான்கு அதிகாரங்கள், 40 குறள். ஊக்கம் உடைமை, மடி இன்மை, ஆள்வினை உடைமை, இடுக்கண் அழியாமை. ஒரு நாளைக்கு ஒன்று போதும், உரையோடு. 624ஆம் குறளில் 'மடுத்தவா யெல்லாம் பகடன்னான்' என்று வரும். போகிற வழியெல்லாம் வண்டி மாட்டிக்கொண்டாலும் இழுத்துச் செல்லும் எருது. பரிமேலழகர் உரையில் அந்த எருது பக்கத்தை ஒற்றியும், மூக்கை ஊன்றியும், கால்களால் தவழ்ந்தும் வண்டியை இழுப்பது கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்காகவே உரையோடு படிக்கச் சொல்கிறேன்.

அடுத்து கடலும் கிழவனும், இரண்டு மாலை வேளைகளில் முடிந்துவிடும். குரூசோவை முழுதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் படகு வரும் பகுதிகளை மட்டுமாவது படியுங்கள். சுந்தர காண்டத்தை நல்ல உரைநடை மொழிபெயர்ப்பில் படிக்கலாம். ஒடிசியை முதலிலிருந்துதான் படிக்க வேண்டும் என்றில்லை, ஐந்தாம் காண்டத்தில் மிதவை கட்டும் இடத்திலிருந்தே நுழையலாம். மோபி டிக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். திமிங்கலத்தைப் பற்றிய விவரங்களே அத்தியாயம் அத்தியாயமாக வரும். நடுவில் சலித்தால் நூலை மூடி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எடுங்கள். நான் மூன்றாவது தடவைதான் முடித்தேன்.